நிறத்தை அக்கம்பக்கத்தோடு எடுத்து வாருங்கள்: தோட்டத்திலும் பயணத்திலும் ஓவியத்துக்கு வண்ணம் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு சித்திரை மாதம், ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கொன்றை மரத்தைப் பார்த்தேன். இலையே தெரியாத அளவுக்குப் பூ. போனில் பத்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் இருந்ததிலேயே நல்ல மஞ்சளை எடுத்து வரைந்தேன். மஞ்சள் சரியாகத்தான் இருந்தது. மரம் மட்டும் வரவில்லை.

மறுநாள் அதே மரத்தடியில் போய் நின்றபோதுதான் காரணம் தெரிந்தது. பின்னால் ஒரு சாம்பல் சுவர் இருந்தது. கொத்துகளின் அடிப்பக்கத்தில் பச்சை கலந்த நிழல் இருந்தது. தரையில் உதிர்ந்த இதழ்கள் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தன. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த மஞ்சளை அப்படி எரிய வைத்திருந்தன. நான் மஞ்சளை மட்டும் பறித்துக்கொண்டு, அதன் அக்கம்பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் நிறத்தைத் தனியாக எடுத்து வருவதில்லை. அதன் பக்கத்தில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, எந்தப் பொழுதில் இருந்தது, இந்த மூன்றையும் சேர்த்தே எடுத்து வருகிறேன். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் வாட்டர் கலரில் வரைகிறவன். அக்ரிலிக், ஆயில் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

முதல் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். பை கனத்தால் வெளியே எடுக்கவே சோம்பல் வரும்.

உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று. தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) குறையாமல் இருந்தால் தண்ணீர் பட்டாலும் அதிகம் சுருளாது. ஒரு பென்சில், ஒரு பிரஷ் (8-ஆம் எண் உருண்டை பிரஷ் எல்லாவற்றுக்கும் போதும்), ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு பழைய பருத்தித் துணி.

வண்ணம் ஏழு போதும்: லெமன் எல்லோ, யெல்லோ ஓக்கர், பெர்மனன்ட் ரோஸ், ஒரு சூடான சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியென்னா. நாற்பது நிறப் பெட்டி வைத்திருந்தால் அதை வீட்டில் வையுங்கள். நிறைய நிறம் கையில் இருக்கும்போது, பார்ப்பதைக் கலக்க முயலாமல், பெட்டியில் அதற்குக் கிட்டத்தட்ட எது இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவோம்.

இன்னொன்று உண்டு, அதை நீங்களே செய்துகொள்ளலாம். சாம்பல் நிற அட்டை ஒன்றை போஸ்ட் கார்டு அளவில் வெட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் ஓட்டை போடுங்கள். இதை நான் ஜன்னல் அட்டை என்று சொல்வேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதன் வழியாகப் பார்த்தால், ஓட்டைக்குள் தெரிவது இலையாகவோ சுவராகவோ தெரியாது, வெறும் நிறமாகத் தெரியும். இலை பச்சை, வானம் நீலம் என்று மனசு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கும் பதில்களை இந்த ஓட்டை நிறுத்திவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாழை இலையின் மேல்பக்கம் பல இடங்களில் நீலச் சாம்பலாக இருப்பதைக் கண்டு நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் படி: ஒரே செடி, மூன்று பொழுது

பயணத்துக்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குப் பெரிய தோட்டம் தேவையில்லை. மாடியில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தால் போதும். இல்லையென்றால் தெருமுனைப் பூவரசு.

காலை ஏழு மணி, நண்பகல், மாலை ஆறே கால். மூன்று வேளையும் அதே பூ, அதே இலை, அதே தொட்டியின் நிறத்தை ஜன்னல் அட்டை வழியாகப் பார்த்து, நோட்டில் மூன்று சின்னச் சதுரங்களாகப் பூசுங்கள். பூவை வரைய வேண்டாம், நிறம் மட்டும். ஒரு வாரம் செய்யுங்கள்.

காலையில் செம்பருத்தியின் சிவப்பு கொஞ்சம் குளிர்ச்சியாக, ரோஜா பக்கம் சாய்ந்து இருக்கும். நண்பகலில் வெயில் பட்ட இதழ் வெளிறி, நிழல் பட்ட இதழ்தான் நல்ல சிவப்பாக இருக்கும். இருட்டும் நேரத்தில் நடப்பதுதான் வேடிக்கை. இலைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்போதே பூ கறுத்துப்போகும். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணின் உணர்வு நீலம், பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுவதால் சிவப்புதான் முதலில் அணையும். 19-ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இது புர்கின்யே விளைவு எனப்படுகிறது. அவரும் இதைக் கண்டுகொண்டது பூக்களைப் பார்த்துத்தான். அந்திப் பொழுதை வரையும்போது சிவப்பை அடர்த்தியாக, கிட்டத்தட்ட கருப்பாக வைத்துப் பாருங்கள். இருட்டு தானாக வந்துவிடும்.

பூவரசு கிடைத்தால் இன்னும் நல்லது. காலையில் எலுமிச்சை மஞ்சளாகப் பூக்கும் பூ, வாடும்போது செந்நிறமாக மாறும். ஒரே கிளையில் இன்றைய மஞ்சளும் நேற்றைய சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இந்த இரண்டும் எவ்வளவு அழகாகச் சேர்கின்றன என்று நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மரமே சேர்த்து வைத்திருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1890-91-இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது, ஒரே நேரத்தில் பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஜிவெர்னியில் 1883-இல் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருந்து, தான் வளர்த்த அல்லிக் குளத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். புது இடம் போனால்தான் புது நிறம் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அந்தக் குளத்தைத்தான்.

மூன்றாம் படி: பச்சையைப் பிரித்துப் பழகுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். தோட்டத்து ஓவியங்கள் பெரும்பாலும் கெடுவது பூவால் அல்ல, பச்சையால். டியூபில் வரும் பச்சையை அப்படியே எடுத்து எல்லா இலைக்கும் பூசினால் படம் பிளாஸ்டிக் தோரணம் போல ஆகிவிடும்.

ஒரு இலைக்குள்ளேயே குறைந்தது மூன்று பச்சை இருக்கிறது. மேல்பக்கம் வானத்தை வாங்கிப் பளபளக்கும் இடம் நீலச் சாம்பல். வெயில் பின்னாலிருந்து ஊடுருவி வரும் இடம் மஞ்சள் பச்சை. கிளிப்பச்சை என்கிறோமே, அது. நிழலில் கிடக்கும் இடம் அடர்ந்து, பக்கத்தில் இருக்கும் செம்மண்ணின் அல்லது சுவரின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கியிருக்கும். இந்த மூன்றையும் ஒரு வாழைக்கன்றில் பிரித்துப் பார்த்துவிட்டால், அப்புறம் எந்தக் காட்டுக்குப் போனாலும் கை தடுமாறாது.

கலப்புக்குச் சில வழிகள் சொல்கிறேன். லெமன் எல்லோவில் ஒரு துளி தாலோ நீலம் சேர்த்தால் வாழைக் குருத்தின் கூர்மையான பச்சை. தாலோ மிகவும் வீரியமானது, பிரஷ் நுனி அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். யெல்லோ ஓக்கரும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் மங்கலான, தூசி படிந்த பச்சை; கோடையில் சாலையோரப் புளியமரத்துக்கு அது பொருந்தும். முற்றிய மாவிலைக்கு, தாலோவும் மஞ்சளும் கலந்த பச்சையில் பர்ன்ட் சியென்னா சேர்த்துக் கொஞ்சம் கொன்றுவிடுங்கள். பச்சை அதிகமாகக் கத்துகிறது என்று தோன்றினால் அதன் எதிர்நிறமான சிவப்பைத் துளி சேர்ப்பதுதான் எப்போதும் மருந்து. பனை ஓலைக்கு லெமன் எல்லோவில் கருப்பைக் கலந்து பாருங்கள், நல்ல ஆலிவ் பச்சை கிடைக்கும்.

தளிர்களைத் தனியாகக் கவனியுங்கள். மாந்தளிரும் வேப்பங்கொழுந்தும் அரசந்தளிரும் பச்சையாகப் பிறப்பதே இல்லை. ஆந்தோசயனின் என்னும் நிறமியால் செம்பு நிறமாக, ரோஜா கலந்த பழுப்பாக வந்து, பிறகுதான் பச்சைக்கு மாறுகின்றன. பங்குனி, சித்திரையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று மேலே பார்த்தால், பூவே இல்லாமல் ஒரு மரம் எத்தனை நிறத்தில் இருக்கலாம் என்பது தெரியும்.

ஒரு பயிற்சி: நோட்டின் ஒரு பக்கத்தை இருபது கட்டங்களாகப் பிரித்து, வீட்டைச் சுற்றி இருக்கும் இருபது இலைகளின் பச்சையைப் பூசுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எந்த மஞ்சள், எந்த நீலம், எவ்வளவு என்று எழுதிவையுங்கள். இந்த ஒரு பக்கம் பல வருஷம் கை கொடுக்கும்.

நான்காம் படி: பெயர் வையுங்கள்

பெயர் இல்லாத நிறம் நினைவில் நிற்காது. "ஒரு மாதிரி சிவப்பு" என்று எழுதிவைத்தால், பத்து நாள் கழித்து அது எந்த மாதிரி என்று நமக்கே தெரியாது.

இதற்கு நம்மிடம் ஒரு பெரிய களஞ்சியமே இருக்கிறது: பட்டுப் புடவைக் கடை. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, மாந்தளிர், வெங்காயச் சருகு, கத்திரிப்பூ, பாக்கு, சந்தனம், கிளிப்பச்சை, நாவல்பழம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் வேறு. எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் ஒரு புடவையைப் பற்றிப் பேசினால், "அரக்கும் இல்லாம மெரூனும் இல்லாம, பாக்கு பக்கம் போகுமே, அது" என்பார்கள். இதைவிட நுட்பமாக எந்த வண்ண அட்டையும் சொல்லாது. வரைகிறவர்கள் இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மயில்கழுத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. அதில் நிறத்தைக் கலப்பதே இல்லை. பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் இன்னொரு நிறம். கலப்பது நம் கண். ஓவியத்திலும், நீலத்தைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் பச்சையைக் காய்ந்த பிரஷால் இழுத்துவிட்டால், தட்டில் கலந்த நிறத்துக்கு இல்லாத அந்த மினுமினுப்பு வரும்.

பழைய தமிழில் இந்தக் கண் இன்னும் கூர்மையாக இருந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வரிசையாகப் பெயரோடு வருகின்றன. நாம் அத்தனை வேண்டாம், வீட்டுத் தெருவில் ஒன்பது பூவுக்குப் பெயரும் நிறமும் எழுதி ஆரம்பிக்கலாம். பெயர் தெரியாவிட்டால் நீங்களே வையுங்கள். என் நோட்டில் "ஆறிப்போன டீ", "மழைக்கு முந்தைய சுவர்", "ஈயப் பாத்திரம்" என்றெல்லாம் நிறங்கள் இருக்கின்றன. எல்லாமே எனக்கு இன்றும் கண்முன் வருகின்றன.

ஐந்தாம் படி: அளவைப் பட்டையாக எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காட்சியின் முன் நின்று, நோட்டில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு, விரல் அகலத்தில் ஒரு பட்டை வரையுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்த நிறம் அதிக இடம் பிடித்திருக்கிறது? அது ஆறு சென்டிமீட்டரா, ஏழா? அடுத்தது எது? மிகக் குறைவாக இருப்பது எது? அந்த அளவிலேயே பட்டையைப் பிரித்து நிறம் பூசுங்கள். ஐந்து நிறத்துக்கு மேல் வேண்டாம். கீழே இடம், தேதி, மணி, வெயிலா மேகமா என்று எழுதுங்கள்.

மறுபடி பார்த்த கொன்றை மரத்தின் பட்டை என்னிடம் இருக்கிறது. மஞ்சள் மூன்று சென்டிமீட்டர்தான். சுவரின் சாம்பல் நான்கு, பச்சை நிழல் ஒன்றரை, உதிர்ந்த இதழின் பழுப்பு ஒன்று, கிளையின் கருப்பு அரை. மரம் முழுக்க மஞ்சள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய செய்தி. மஞ்சளைக் குறைத்ததும் மஞ்சள் கூடிவிட்டது.

பூ மார்க்கெட் இதற்கு நல்ல பயிற்சிக் களம். தோவாளையோ மதுரை மாட்டுத்தாவணியோ, விடிகாலையில் போனால் நிறம் குவியல் குவியலாக, மூட்டை மூட்டையாக, அளவோடு இருக்கும். செவ்வந்தி மஞ்சள் இவ்வளவு, அரளி ரோஸ் இவ்வளவு, நடுவில் துளசிக் கட்டின் பச்சை இவ்வளவு என்று கண் எளிதாகப் பிரிக்கும். வியாபாரம் மும்முரமாக நடக்கும் இடம் என்பதால் வழியில் நிற்காமல், ஒரு கடைக்காரரிடம் "அண்ணே, இங்க ஓரமா நின்னு கொஞ்சம் வரைஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டூலும் கிடைக்கும்.

ஆறாம் படி: பக்கத்து நிறத்தைச் சந்தேகப்படுங்கள்

பாரிஸில் கோப்லன் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரேலிடம் ஒரு குறை வந்தது: கருப்புச் சாயத்துக்கு வீரியம் போதவில்லை. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் பக்கத்து நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பதை ஆராய்ந்து 1839-இல் அவர் வெளியிட்டது, பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்களுக்குப் பெரிய திறவுகோலாக ஆனது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்புத் துணி மேலும் இன்னொன்றைப் பச்சைத் துணி மேலும் வையுங்கள். சிவப்பின் மேல் இருப்பது லேசாகப் பச்சையாகத் தெரியும், பச்சையின் மேல் இருப்பது லேசாகச் சிவக்கும்.

கதம்பம் கட்டுகிற அம்மாக்களுக்கு இது கையில் இருக்கிறது. கனகாம்பரத்தின் ஆரஞ்சுக்கும் மல்லிகையின் வெள்ளைக்கும் இடையில் ஒரு மருக்கொழுந்துப் பச்சை வரும். அந்தப் பச்சையை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஆரஞ்சு தூங்கிவிடும்.

வெள்ளைப் பூவை வரையும்போது இந்தப் படி ரொம்ப உதவும். நந்தியாவட்டையை ஜன்னல் அட்டை வழியாகப் பார்த்தால் தூய வெள்ளை ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கும். மீதியெல்லாம் இலையின் பச்சை ஏறிய சாம்பல், வானத்தின் நீலம் ஏறிய சாம்பல், மண்ணின் காவி ஏறிய சாம்பல். அந்தச் சாம்பல்களைச் சரியாக வைத்துவிட்டால் தாளின் வெள்ளையே பூவாகிவிடும்.

ஏழாம் படி: புது ஊரில் மண்ணிலிருந்து தொடங்குங்கள்

பயணத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து விழும். எதை எடுப்பது என்று தெரியாமல் போனைத் தூக்கிவிடுவோம். என் வரிசை இது: முதலில் மண், பிறகு சுவர், பிறகு வானம், கடைசியில்தான் பூவும் புடவையும் படகும்.

மண்ணில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு ஊரின் தூசி, செங்கல், ஓடு, ஆட்டின் கால், மரத்தின் அடிப்பாகம், நிழலில் திரும்பி வரும் வெளிச்சம், எல்லாவற்றிலும் அந்த மண் கலந்திருக்கிறது. மண்ணைச் சரியாகக் கலந்துவிட்டால் பாதி ஊர் வந்துவிடும். கோவில்பட்டிக் கரிசலையும் ராமேசுவரத்து வெள்ளை மணலையும் அடுத்தடுத்த பக்கத்தில் பூசி வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே வானத்தைப் போட முடியாது என்று தெரியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில், கண்ணுக்கு எட்டிய வரை செக்கச் சிவந்த மணல் மேடுகள். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வந்த சிவப்பு அது. முதலில் நான் பெட்டியில் இருந்த சிவப்பை எடுத்தேன். குங்குமம் கொட்டினது போல ஆகிவிட்டது. பிறகு பர்ன்ட் சியென்னாவில் கொஞ்சம் சூடான சிவப்பைச் சேர்த்தேன், மணல் வந்தது. நண்பகலில் அதே மணல் கூச்சத்தில் வெளிறி, ரோஜா கலந்த பழுப்பாகிவிடும். கொல்லா (முந்திரி) மரத்தடி நிழல் மட்டும் அடர்ந்த கத்திரிப்பூ நிறத்தில் கிடக்கும். சாயங்காலம் மேடுகள் ஆரஞ்சாகி எழும். பனை ஓலையின் சாம்பல் பச்சையை அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தபோது, வெறும் ஆலிவ் பச்சையாகக் கலந்த அது தாளில் கிட்டத்தட்ட நீலப்பச்சையாக மாறித் தெரிந்தது. ஷெவ்ரேல் சொன்னது என் தாளில் நடந்தது அன்றுதான்.

மொரோக்கோவின் மராகேஷில் பிரெஞ்சு ஓவியர் ஜாக் மஜொரெல் தன் தோட்டத்துக் கட்டடத்துக்குப் பூசிய அடர்நீலம் உலகப் புகழ் பெற்றது. அந்த நீலத்தைத் தங்கள் வீட்டுச் சுவரில் பூசிவிட்டு, அது அப்படி வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. மராகேஷ் ஊரே செம்மண் நிறச் சுவர்களால் ஆனது. அந்தச் செம்மண்ணும் கற்றாழையின் பச்சையும் சுற்றி இருப்பதால்தான் அங்கே நீலம் அப்படிப் பாடுகிறது.

எந்த ஊருக்கு எந்தப் பொழுதில் போவது என்பதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைச் சொல்கிறது: முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்குச் சூரியன் சாயும் எற்பாடு, பாலைக்கு நண்பகல், குறிஞ்சிக்கு யாமம். அகப்பாடலுக்கு வகுத்தது என்றாலும் வரைகிறவனுக்கும் இது பொருந்துகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயலை விடிகிற நேரத்தில் பாருங்கள்: பனி மூடிய பச்சை, அதில் தண்ணீர் தேங்கிய இடங்களில் மட்டும் வானத்து ரோஸ். ஒன்பது மணிக்கு அதே வயல் வெறும் பச்சைத் தகடு.

மேகமூட்டமாக இருந்தால் வருந்த வேண்டாம். பூக்களுக்கு அதுவே நல்ல வெளிச்சம், பளபளப்பு போய் நிறம் ஆழமாகத் தெரியும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்கு மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். 1848-இல் வில்லியம் கிரஹாம் மக்ஐவர் அமைக்கத் தொடங்கிய அந்தப் பூங்காவில் கண்காட்சிப் பூக்களைவிட எனக்குப் பிடித்தது, சாரல் விட்ட பிறகு மேல்தட்டுப் புல்வெளியும் அதன் பின்னால் கருத்து நிற்கும் முதிர்ந்த மரங்களும். ஐம்பது நிறப் பாத்தியில் பட்டை எடுக்க முடியாது. ஒரு புல்வெளி, ஒரு மரம், ஒரு சிவப்புக் குடை; இது போதும்.

கட்டடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பழைய தேக்குத் தூண், முற்றத்து வெயில், இந்த மூன்றும் ஒரு முழு வண்ணத் திட்டம். புதுச்சேரியில் கடுகு மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும், மேலே காகிதப்பூ. கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையை எந்த ஊரிலும் விடாதீர்கள். மழையில் கரைந்து, பாசி ஏறி, ஒவ்வொரு ஊரிலும் வேறு காவி.

நாள் குறைவு என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று. 1914 ஏப்ரலில் ஓவியர் பால் க்ளே, நண்பர்கள் ஆகஸ்ட் மாக்கே, லூயி மொயெ ஆகியோருடன் துனீசியாவுக்குப் போனார். அங்கே இருந்தது இரண்டு வாரம் போலத்தான். அதுவரை பெரிதும் கோட்டில் இயங்கியவருக்கு நிறம் கைவந்தது அந்தப் பயணத்தில்தான். வீடுகளையும் தோட்டங்களையும் அவர் வாட்டர் கலரில் கட்டம் கட்டமான நிறங்களாக எடுத்தார். மாக்கே அதே வருஷம் செப்டம்பரில் போரில் இறந்துபோனார், வயது 27. அந்தச் சில நாளில் அவர் வரைந்த துனீசிய வாட்டர் கலர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துவிடும்.

எட்டாம் படி: போனை எப்படிப் பயன்படுத்துவது

போனை விட்டுவிட வேண்டாம். ஆனால் நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம். அது வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகச் சமன் செய்துவிடும். மாலை வெயிலின் மஞ்சளைக் குறைத்து, நிழலின் நீலத்தை எடுத்துவிடும். அதாவது நாம் எதைத் தேடிப் போனோமோ அதையே துடைத்துவிடும். செம்பருத்தி, அரளி போன்ற அடர்ந்த நிறங்களில் இதழின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே தகடாக விழும்.

இரண்டு பழக்கம் உதவும். படம் எடுக்கும்போது திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். அப்புறம், நோட்டில் பூசிய பட்டையையும் காட்சியோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். வீட்டில் நிறம் மாறித் தெரிந்தால், பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். உருவத்துக்குப் போன், நிறத்துக்கு நோட்டு.

ஒன்பதாம் படி: பட்டையிலிருந்து படத்துக்கு

வீட்டுக்கு வந்ததும் உடனே வரையாதீர்கள். நோட்டைப் புரட்டி, எந்தப் பட்டை இப்போதும் உங்களை நிறுத்துகிறது என்று பாருங்கள். அதை மட்டும் எடுங்கள்.

முதலில் அதே நிறங்களைப் பெரிய தாளில் மறுபடி கலந்து பாருங்கள். வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அதனால் ஈரத்தில் ஒரு படி அடர்த்தியாக இருக்கட்டும். அடுத்து, தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சின்னப் படங்கள் பென்சிலில் மட்டும்: இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே. இது சரியில்லாமல் எவ்வளவு நல்ல நிறம் வைத்தாலும் நிற்காது. பிறகு பட்டையின் அளவிலேயே நிறங்களைப் பங்கிடுங்கள். அதிகமானது அதிகமாக, அரை சென்டிமீட்டர் நிறம் அரை சென்டிமீட்டராகவே. அந்தச் சின்ன நிறத்தை நடு மத்தியில் வைக்காமல், கண் போய்ச் சேர வேண்டிய இடத்தில் வையுங்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகி, மங்கிப்போயிருக்கிறது. ஆனாலும் சில நிறங்களை வைத்துக்கொண்டே ஒரு குளம் முழுவதையும் நிரப்பியிருப்பதைப் பார்க்கலாம். முடிந்தால் நேரில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். அங்கேயும் ஒரு பட்டை எடுங்கள்.

பட்டையை அதே காட்சிக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. தேரிக்காட்டின் பட்டையை வைத்து எங்கள் பாட்டி வீட்டுச் சமையல்கட்டை வரைந்தேன்: செம்மணல் தரையாகியது, கொல்லா மர நிழல் அடுப்பு மூலையாகியது, பனை ஓலையின் பச்சை ஜன்னலில் தொங்கிய கறிவேப்பிலைக் கொத்தாகியது. என்னிடம் இன்றுவரை விற்காமல் இருக்கும் படம் அது, விற்கவும் மாட்டேன்.

கடைசியாக, வெயில் சோதனை

காகிதப்பூவின் அந்த எரியும் ரோஸ் சாதாரண வண்ணத்தில் கிடைக்காமல், பலர் ஓபரா ரோஸ் என்ற டியூபை வாங்குகிறார்கள். அதில் ஒளிரும் சாயம் கலந்திருப்பதால் முதலில் அசத்தும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். டியூபின் பின்பக்கம் சிறிய எழுத்தில் நிறமியின் எண் இருக்கும். பி.ஆர். 122 என்று மட்டும் இருந்தால் அது குயினாக்ரிடோன் மெஜந்தா. ஒளிர்வு கொஞ்சம் குறைவுதான், ஆனால் எவ்வளவோ மேலாகத் தாங்கும். அதன் பக்கத்தில் ஒரு மங்கிய பச்சையை வைத்தால் குறைந்த ஒளிர்வும் திரும்பி வந்துவிடும்.

புதிதாக எந்த வண்ணம் வாங்கினாலும் ஒரு தாளில் பட்டையாகப் பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். தேதியை எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த டியூப் நோட்டுக்கு மட்டும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வேண்டாம்.